சித்திரையில் கட்டிய சக்கரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கொல்லையில் இருந்த 14 தென்னைகளைச் சாய்த்தது. அவற்றில் ஒன்று மாட்டுக்கொட்டகையின் ஓட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு, உள்ளே நின்ற வில்வண்டியின் மேல் விழுந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். மிதிபட்ட கோழிக்கூடைபோலக் கூண்டு நசுங்கிக் கிடந்தது. வருந்துவதற்குக்கூட அன்றைக்கு நேரமில்லை. குடிநீர் இல்லை, மின்சாரம் இல்லை, தெருவை அடைத்துக் கிடந்த மரங்களை வெட்டித்தான் வெளியே வர முடிந்தது. வண்டியின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். வண்டி தாத்தா காலத்தது. இன்றைய பிள்ளைகளுக்கு மாட்டு வண்டி என்றால் எல்லாம் ஒன்றுதான். நெல்லும் எருவும் ஏற்றும் பார வண்டியில் தட்டு நேராக அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த அதிர்ச்சி முதுகுத்தண்டு வரை ஏறும். வில்வண்டியில் அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே அடுக்கு அடுக்கான எஃகுப் பட்டைகள் வில்போல வளைந்து நிற்கும். அதன் மேல் மூங்கில் கூண்டு. உள்ளே ஒரு முழ உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துவிட்டால் ஒரு குடும்பம் உட்காரலாம், படுக்கலாம். கோடியக்கரைக்குக் கடல் நீராட, எட்டுக்குடிக்குக் காவடி பார்க்க, மன்னார்குடிக்கு வெண்ணெய்த்தாழித் திருவிழா பார்க்க என்று எங்கள் வீட்டார் இரவும் பகலும் அதிலேயே போய் வந்திருக்கிறார்கள். அம்மா இந்த ஊருக்கு மருமகளாக வந்து இறங்கியதும் அதிலிருந்துதான்.

புயலுக்கு மூன்றாண்டு கழித்து, ஓர் உணவகத்துக்காரர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். வாசலில் நிறுத்தி விளக்குப் போடுவாராம். விலையும் குறைவில்லை. அம்மா திண்ணையிலிருந்தே கேட்டார்: "ஓட்டுவதற்கா, நிறுத்தி வைப்பதற்கா?" நிறுத்தி வைப்பதற்கு என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார். வண்டியை மறுபடி ஓடவைப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அந்த முடிவு பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எனக்கு உதவியது. நிறுத்தி வைக்கும் வண்டிக்கு வண்ணம் போதும். ஓடும் வண்டிக்குச் சக்கரம் வேண்டும். எதற்காகச் சரிசெய்கிறோம் என்பது தெளிவானால், எங்கே பணத்தைப் போடுவது, எங்கே விட்டுவிடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

ஆனால் தொடக்கத்தில் நான் செய்த வேலை எல்லாமே தலைகீழ். 2022 ஐப்பசியில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அவசரமாகச் சக்கரங்களைக் கழற்றி ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். தைக்குள் முடித்துக் கோடியக்கரைக்குப் போய்விடலாம் என்று ஆசை. கிடைத்த மரத்தில் புது வட்டைகளை, அதாவது சக்கரத்தின் விளிம்பாகச் சேரும் வளைந்த துண்டுகளை, போட்டார்கள். வட்டைக்கும் வட்டைக்கும் நடுவே தெரிந்த சிறு சிறு இடைவெளிகளைப் பார்த்து, "இதென்ன, சேரவில்லையே" என்று நானே சொல்லி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கச் செய்தேன். சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டையைப் பழைய அளவிலேயே மாட்டி, தளர்ந்த இடங்களில் ஆப்பு அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தையில் மாடு அமையவில்லை, பயணம் தள்ளிப்போயிற்று. பங்குனி வெயிலில் ஒருநாள் மாடு பூட்டி வெள்ளோட்டம் பார்த்தோம். முள்ளியாற்றுப் பாலத்தில் ஏறும்போது வலது சக்கரத்தின் பட்டை நழுவி, வளையம்போல உருண்டு கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தது. வட்டைகள் வாய் பிளந்து நின்றன. நல்லவேளையாக வண்டியில் ஆளில்லை, மாடுகளுக்கும் அடியில்லை.

அதன்பிறகுதான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தச்சரைத் தேடிப் பிடித்தேன். எழுபதைக் கடந்தவர். வண்டிச் சக்கரம் செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார். வந்தவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால் ஒவ்வோர் ஆரக்காலாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான மரம் கணீரென்றது. உள்ளே உளுத்த மரம் சொத்தென்று விழுங்கிக்கொண்டது. நல்லதற்குச் சுண்ணாம்பில் ஒரு புள்ளி, செப்பனிட்டால் தேறும் என்பதற்கு ஒரு கோடு, போய்விட்டதற்கு ஒரு பெருக்கல் குறி. சக்கரத்துக்குப் பிறகு தட்டுச் சட்டங்கள், படி, பின்கட்டை, முன்னே மாடுகளை நோக்கி நீளும் ஏர்க்கால், நுகத்தடி என்று எல்லாவற்றையும் அதேபோலத் தட்டினார். இரும்பு முளையால் மரத்தைக் குத்திப் பார்த்தார். மாலைக்குள் வண்டியே ஒரு கணக்கேடு ஆகிவிட்டது. பழைய வண்டியையோ பழைய மரச்சாமானையோ கையில் எடுப்பவர்கள் எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். கழற்றிய பிறகு ஒவ்வொரு துண்டும் மற்றொன்றைப் போலவே தெரியும். நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் உளியால் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் வைத்தார். பழைய ஆரக்கால்களின் அடியில் துளைக்குள் செருகும் நாக்கைத் துடைத்தபோது, அங்கே முன்பே ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறல்கள் இருந்தன. தாத்தா காலத்துத் தச்சர் வைத்தவை. இவர் வைத்த கீறலும் அவர் வைத்த கீறலும் ஒரே மாதிரி இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மரம் எங்கே வாங்கினீர்கள் தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அது ஈரமரம். மழைக்காலத்தில் ஊறிப் பருத்திருக்கும். வெயில் வந்ததும் சுருங்கும். சுருங்கினால் பட்டை என்ன செய்யும், கழன்று விழத்தான் செய்யும்" என்றார். பிறகு வட்டைச் சந்தில் இருந்த பசையை உளி முனையால் நெம்பி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த இடைவெளி குறையில்லை ஐயா. அதற்கு ஒரு வேலை இருக்கிறது, சித்திரையில் பாருங்கள்" என்றார். அந்தச் சித்திரையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அதற்கு அடுத்த ஆண்டுச் சித்திரையை.

மரம் எங்கள் கொல்லையிலேயே இருந்தது. கஜாவில் தென்னையோடு ஒரு பெரிய பூவரசும் விழுந்திருந்தது. அப்போது ஊரெல்லாம் விழுந்த மரமாகக் கிடந்ததால் விலை போகவில்லை. அடிமரத்தை உருட்டிக் குளத்தில் தள்ளியிருந்தோம். அது எனக்கு மறந்தே போயிருந்தது. தச்சர் குளத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். நீரில் நெடுங்காலம் கிடந்தால் மரத்திலுள்ள மாவுச்சத்தும் சாறும் கரைந்து வெளியேறிவிடும், பூச்சி அண்டாது, பிறகு நிழலில் உலர்த்தும்போது வெடிப்பும் குறையும். வெளுத்த ஓரத்தைச் செதுக்கித் தள்ளியதும் உள்ளே காவி கலந்த கருஞ்சிவப்பில் வைரம் பாய்ந்த நடுமரம் தெரிந்தது. வட்டைக்கு அது. சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்துக்கும் ஆரக்காலுக்கும் ஏரிக்கரைக் கருவேலம். அதுவும் பட்டை உரித்துப் பல மாதம் போட்டு வைத்த கட்டையாகப் பார்த்து வாங்கினோம். நுகத்தடிக்கு நுணா. மாட்டின் கழுத்தில் கிடக்கப்போகும் மரம் கனமாக இருக்கக்கூடாது, சிம்பும் எழக்கூடாது. பூவரசைப் பிளந்து வட்டைகளின் உருவத்துக்குப் பருமனாக வெட்டி, முனைகளில் சாணம் பூசி, கொட்டகையின் நிழலில் இடைவெளி விட்டு அடுக்கினார். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனையை மூடாவிட்டால் அங்கிருந்து வெடிப்பு ஓடும். "ஓர் ஆண்டு தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஓர் ஆண்டில் இரும்பு வேலைகளைப் பார்த்தேன். வில்லில் ஒரு பக்கத்துக்கு ஏழு பட்டைகள். இடதில் மூன்றாவது பட்டை ஒடிந்திருந்தது. வெல்டிங் வைத்துவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். வில்லுக்கு வெல்டிங் கூடாது. எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் பார்த்துத்தான் அந்த நெகிழ்வைக் கொண்டுவருகிறார்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். லாரி ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் அதே அகலமுள்ள பழைய ஜீப் பட்டையைத் தேடி எடுத்து, வளைவு பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள். மற்றப் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மறுபடி அடுக்கினோம். வண்டி இத்தனை காலமும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது இந்தத் துருவால்தான்.

அச்சு விஷயம் எனக்குப் புதிது. பாரம் எப்போதும் மேலிருந்து கீழே அழுத்துவதால், சக்கரம் சுழலும் முனைகளில் அச்சின் அடிப்பக்கம் மட்டுமே தேயும். விரலால் தடவிப் பார்த்தாலே பள்ளம் தெரிந்தது. கொல்லர் பார்த்துவிட்டு, புதுசு வேண்டாம், புரட்டிப் போட்டால் போதும் என்றார். தேயாத மேல்பக்கம் கீழே வந்துவிடும். எங்கள் அச்சு நேரானது என்பதால் இது முடிந்தது. முனை சற்றே கீழ்நோக்கி வளைந்த அச்சாக இருந்தால் முடியாது. சக்கரம் கழன்றுவிடாமல் அச்சு முனையில் செருகும் கடையாணிகள் இரண்டையும் மட்டும் புதிதாக அடிக்கச் சொன்னேன். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். தேய்ந்த அச்சாணியும் அப்படித்தான். கொல்லர் வைக்கோல் கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த வண்டிமையை இன்னும் ஒரு மூங்கில் குழாயில் வைத்திருந்தார். நான் கடையில் வாங்கிய கிரீஸையே போட்டேன். எதைப் போட்டாலும் பழைய மையை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவிவிட்டுப் போட வேண்டும். அதில் கலந்திருக்கும் மணல்தான் அச்சைத் தின்கிறது.

இந்த நாட்களில் பலர் கேட்ட கேள்வி ஒன்று: எதற்கு இந்தப் பாடு, டயர் சக்கரம் போட்டுவிட வேண்டியதுதானே? திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் (BHEL) நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறதே என்று ஒருவர் எடுத்துக்காட்டும் சொன்னார். அது நியாயம். அத்தனை ஆயிரம் பேர் வடம் பிடிக்கும் தேரில் பாதுகாப்புதான் முதல். பார வண்டிக்கும் டயர் நல்லது, மாட்டுக்கு இழுவை குறையும். ஆனால் எங்கள் வண்டியில் தட்டின் உயரம், ஏர்க்காலின் சாய்வு, நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்காரும் இடம் எல்லாமே நாலரை அடிச் சக்கரத்தைக் கணக்கில் வைத்து அமைந்தவை. சிறிய டயரைப் போட்டால் அத்தனையையும் மாற்ற வேண்டும். மாற்றினால் அது வேறு வண்டி.

2024 மாசியில் தச்சர் தம் மகனோடு வந்தார். இடது குடம் தேறியது, வலதுக்குப் புதுக் குடம் கடைந்தார்கள். ஒரு குடத்துக்குப் பன்னிரண்டு துளை, பன்னிரண்டு ஆரக்கால், ஆறு வட்டை, ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். எங்கும் ஆணி இல்லை, பசை இல்லை. ஆரக்காலின் நாக்கு குடத்தின் துளைக்குள் சம்மட்டி அடியில்தான் இறங்க வேண்டும், கையால் தள்ளி இறங்கினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செதுக்கினார். ஆரக்கால்கள் குடத்திலிருந்து நேராக எழவில்லை, வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்து, முழுச் சக்கரமும் ஆழமில்லாத சோற்றுத் தட்டுபோல இருந்தது. மாடு நடக்கும்போது வண்டி இடமும் வலமும் அசையும். அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவதற்கு இந்தச் சாய்வு. தட்டையாகச் செய்த சக்கரம் ஒருநாள் உள்வாங்கி மடங்கிவிடும் என்றார். வட்டைகளைச் சுற்றிலும் கோத்து முடித்தபோது, சந்துக்குச் சந்து அதே இடைவெளி. மடியிலிருந்து ஒரு நெல்மணியை எடுத்து ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. "போதும்" என்றார்.

சித்திரை மூன்றாவது வாரம், கத்திரி தொடங்குவதற்குச் சற்று முன்பு, சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை கட்டினோம். மரம் ஆண்டிலேயே அதிகம் காய்ந்து சுருங்கியிருக்கும் நாள் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அப்போது இறுகிய பட்டை மழைக்காலத்தில் மரம் பருக்கும்போது இன்னும் இறுகும். மழையில் கட்டினால் வெயிலில் தளரும். நான் முதலில் செய்தது இதற்கு நேர்மாறு. கொல்லர் நூலை வட்டையின் மேல் சுற்றி அளந்தார். சுற்றளவு 14 அடிக்குச் சற்று மேல். பட்டையை அதைவிட அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்து வெட்டி, வளைத்து, முனைகளைக் காய்ச்சி ஒட்டினார். பட்டை சக்கரத்தைவிடச் சிறியது என்பதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் இரும்பு தணல் நிறத்துக்கு வரும்போது அந்த நீளத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேலேயே நீளும். அந்தச் சிறு வித்தியாசத்துக்குள்தான் முழு வேலையும்.

களத்தில் செங்கல் துண்டுகளின் மேல் பட்டையைப் படுக்கவைத்து, சுற்றிலும் வறட்டியும் கருவேலஞ்செதுக்கலும் அடுக்கித் தீ மூட்டினார்கள். பக்கத்தில் சிறு குழி தோண்டி, குடம் குழிக்குள் அமரும்படி சக்கரத்தைப் படுக்கவைத்து முளையடித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. கொல்லர் அவ்வப்போது ஒரு வைக்கோலைப் பட்டையில் தொட்டுப் பார்ப்பார். முதலில் கருகியது, பிறகு புகைந்தது, கடைசியில் தொட்ட நொடியில் தீப்பற்றியது. "தூக்கு" என்றார். நான்கு பேர் நீண்ட இடுக்கிகளால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். இறங்கிய இடமெல்லாம் பூவரசு பற்றிக்கொண்டு புகை எழுந்தது. சம்மட்டியால் நான்கு பக்கமும் மாறி மாறித் தட்டி உட்காரவைத்தார்கள். அதற்குள் பெண்கள் வரிசையாகத் தண்ணீர்க் குடங்களோடு நின்றார்கள். தண்ணீர் விழுந்ததும் எழுந்த ஆவியில் எதுவும் தெரியவில்லை, ஓசை மட்டும் கேட்டது. டக், டக், டக் என்று ஒவ்வொரு நாக்கும் தன் துளைக்குள் இறுகும் ஓசை. ஆவி விலகியதும் குனிந்து பார்த்தேன். வட்டைச் சந்துகள் இருந்த இடத்தில் மயிரிழைக் கோடுகள் மட்டும் இருந்தன. தச்சர் என் கையில் அந்த நெல்மணியைக் கொடுத்தார். எந்தச் சந்திலும் நுழையவில்லை. பட்டை நெருக்குவதற்கு இடம் விட்டிருந்தார், அவ்வளவுதான். நான் பசையால் அடைத்தது அந்த இடத்தைத்தான். அடைத்த பிறகு பட்டை எதை நெருக்கும்?

இரண்டாவது சக்கரத்துக்கும் அதே முறை. தண்ணீரை ஒரே பக்கமாக ஊற்றக்கூடாது, சுற்றிலும் ஒரே சீராக ஊற்ற வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்தால் சக்கரம் கோணிவிடும்.

கூண்டு வேலைக்கு ஆனி, ஆடி ஆயிற்று. பச்சை மூங்கிலைப் பிளந்து மூன்று வாரம் குளத்தில் போட்டு, சருகுத் தீயில் வாட்டி, தரையில் அடித்த முளைகளுக்கு நடுவே வளைத்து ஒன்பது வளையங்கள் செய்தோம். கட்டுவதற்குப் பிரம்பும், உள்ளே வேய்வதற்குக் கோரைப்பாயும் கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலிலிருந்து வாங்கி வந்தேன். மேலே மூங்கில் பாய், அதன் மேல் கித்தான். மழைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கித்தானுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை நானாகச் சேர்த்தேன். மார்கழிப் பனியில் உள்ளே வியர்த்து, கோரைப்பாய் முழுக்கப் பூசணம் பூத்துவிட்டது. தாளை உருவி எறிந்துவிட்டுப் பாயை வெயிலில் காயவைத்தேன். மூச்சு விடாத பொருளை மூச்சு விடும் பொருளோடு சேர்த்துக் கட்டக்கூடாது.

தட்டின் அடிப்பக்கத்துக்கு, கடற்கரைப் படகுகளுக்குப் பூசுவதுபோல, முந்திரி ஓட்டெண்ணெயை மண்ணெண்ணெயில் கலந்து பூசினோம். கரையானும் ஈரமும் நெருங்காது. ஆனால் இது தோலைப் பொசுக்கும் எண்ணெய். கையுறை இல்லாமல் தொட்ட இடத்தில் எனக்குக் கொப்புளம் எழுந்து கறுத்து, தோல் உரிந்து ஆறுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. கைபடும் இடங்களுக்கு அதைப் பூசவே கூடாது. அங்கெல்லாம் ஆளிவிதை எண்ணெய் மட்டும், துணியில் நனைத்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை. சக்கரங்களுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. வண்ணம் அடித்த சக்கரம் திருவிழாவுக்கு அழகுதான், ஆனால் அதன் அடியில் வெடிப்பு ஓடினால் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு வாரமும் மரத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு கண்டம் வந்தது. புதுக்கூண்டு பழையதைவிடக் கனம். ஏர்க்கால் முனையைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு கைகளாலும் முக்கி முக்கித் தூக்க வேண்டியிருந்தது. முன்பாரம். இப்படியே பூட்டினால் நாளெல்லாம் அந்தக் கனம் மாட்டின் கழுத்தில் இறங்கும், கழுத்து வீங்கிப் புண்ணாகும். பின்பாரமாக இருந்தாலோ நுகத்தடி மேலே எழும்பி, மாட்டை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். ஆட்களை உட்காரவைத்து ஏர்க்காலை ஒரு கையால் சிரமமில்லாமல் தூக்க முடிய வேண்டும், விட்டால் மெதுவாகத் தாழ வேண்டும். வண்டி சரியாக அமைந்ததற்கு அதுதான் அடையாளம். வில் பொருந்தும் இடத்தை மூன்று விரற்கடை முன்னுக்கு நகர்த்தித் துளையிட்டு மாட்டினோம். அச்சு முன்னே வந்ததும் கனம் பின்னுக்குப் போய் நிகரானது. வண்டியை வாங்குபவர்களும் புதிதாகக் கூண்டு கட்டுபவர்களும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. வாயில்லாத ஜீவன் கழுத்தில் தாங்கிக்கொண்டு நடக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

மாடுகள் சித்தப்பா வீட்டு உம்பளச்சேரி ஜோடி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, குளம்புக்கு மேல் வெள்ளை. சேற்று உழவுக்கென்றே எங்கள் காவிரிக் கடைமடையில் உருவான இனம். டிராக்டர் வந்த பிறகு ஊரில் எஞ்சியது அந்த ஒரு ஜோடிதான். வில்வண்டி பின்னால் அசைந்தாடுவது அவற்றுக்குப் பழக்கமில்லை. ஐப்பசி முதல் வெறும் வண்டியைப் பூட்டித் தினம் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையில் நடத்தினோம். பிறகு ஒரு மூட்டை நெல், பிறகு ஆள். கூண்டின் பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டினேன், அரிக்கேன் விளக்கோடு ஒரு மின்விளக்கும் தொங்கவிட்டேன். இன்றைய சாலையில் இது இல்லாமல் இருட்டில் வண்டி பூட்டவே கூடாது.

2025 தை அமாவாசைக்குக் கோடியக்கரை புறப்பட்டோம். 45 கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் ஒன்றிரண்டு மணி நேரம், எங்களுக்கு இரண்டு நாள். மணிக்கு நான்கைந்து கிலோமீட்டருக்குமேல் மாட்டை விரட்டக்கூடாது, வெயில் ஏறுவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு 78 வயது. உள்ளே ஏறியதும் யாரும் சொல்லாமலே வலப்பக்கம் பின்னால் போய், கூண்டு வளையத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அதுதான் அவருடைய இடமாம். கட்டுச்சோற்றுத் தூக்கு எங்கே மாட்டியிருந்தது என்று தேடினார். அங்கே கொக்கி வைக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

கரியாப்பட்டினம் பக்கத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் புளியஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, 2023இல் அகலப்பாதையாகத் திறந்த தடத்தில் அகத்தியன்பள்ளி ரயில் போயிற்று. ஜன்னலோரத்துப் பிள்ளைகள் வண்டியைப் பார்த்துக் கையசைத்தார்கள். அம்மாவும் கையசைத்தார். அன்றிரவு ஒரு கோயில் திடலில் ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுத்து வண்டியை நிறுத்தினோம். அம்மா உள்ளே படுத்தார். நான் அடியில், அச்சுக்குக் கீழே வைக்கோலில். தலைக்குமேல் வில், பக்கத்தில் மாடு அசைபோடும் ஓசை. நடுஇரவில் எழுந்து இரண்டு சக்கரங்களின் பட்டைகளையும் விரலால் சுண்டிப் பார்த்தேன். இரண்டும் கணீரென்றன. மறுநாள் காலை அம்மாவைக் கைப்பிடித்துக் கோடியக்கரைக் கடலில் இறக்கினேன். மூன்று முழுக்குப் போட்டார்.

செலவு கேட்பவர்களுக்கு: வீட்டு மரம் போக ரூ.92,000 ஆயிற்று. அதில் பாதிக்குமேல் சக்கரங்களுக்கு. முதலில் வீணாகப்போனதையும் சேர்த்துத்தான் இது.

வண்டி இப்போது புதுக்கொட்டகையில், சக்கரம் மண்ணில் படாமல் பலகை மேல் நிற்கிறது. மாதம் இரண்டு முறையாவது பூட்டுகிறோம். கோடையில் சக்கரங்களின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு வைக்கிறேன். இந்தச் சித்திரையில் மடியில் ஒரு நெல்மணியோடு சந்துகளைச் சுற்றி வந்தேன். இடது சக்கரத்தில், மூன்றாவது வட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவே அது பாதிவரை நுழைந்தது. தச்சரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"பாதிதானே? முழுசாகப் போகட்டும் தம்பி. அடுத்த சித்திரைக்கு வறட்டி சேர்த்து வையுங்கள்" என்றார்.